கத்தரி பிடிக்கும் காலம்

எங்கள் குடும்பத்தில் பரம்பரைச் சொத்து என்று சொல்லிக்கொள்ள ஒரே ஒரு பொருள்தான் மிஞ்சியிருக்கிறது. நிலம் பங்காளிகளோடு போயிற்று. நகை கல்யாணங்களோடு போயிற்று. மிஞ்சியது ஒரு கத்தரி. துணி வெட்டுகிற கத்தரி அல்ல. செடி வெட்டுகிற கத்தரி. இரண்டு கைப்பிடி, நடுவே ஒரு சுருள் வில், கிளியின் அலகைப் போல் வளைந்த வாய். என் தாத்தா இருந்தவரையில் அதை யாராவது கத்தரி என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். "செக்கத்தூர்" என்று சொல்ல வேண்டும். பிரெஞ்சு பாஷையில் அவருக்குத் தெரிந்திருந்த ஏழெட்டு வார்த்தைகளில் அது ஒன்று.

தாத்தா புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சு உத்தியோகஸ்தர் வீட்டில் தோட்ட வேலை பார்த்தவர். விடியற்காலையில் பொம்மையார்பாளையத்திலிருந்து புறப்பட்டுக் கடலோரமாகவே நடந்து போய், பொழுது சாயத் திரும்பி வருவார். அந்த நாளில் எங்கள் ஊர் இந்தியா; கொஞ்ச தூரம் தெற்கே நடந்தால் பிரான்சு. நடுவில் சுங்கச் சாவடி. 1954-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. துரையும் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் புறப்பட்டார். போகும்போது தாத்தாவின் கையில் வைத்துவிட்டுப் போனது அந்தச் செக்கத்தூர்.

அதைக் கொண்டு நான் செய்த இரண்டு அபசாரங்களைப் பற்றியும், அவற்றுக்குப் பிராயச்சித்தமாக ரோஜாவின் சரித்திரத்தைக் கொஞ்சம் படிக்க நேர்ந்ததைப் பற்றியும்தான் இந்தக் கட்டுரை. வீட்டு வாசலில் ஒரு ரோஜாச் செடியை வைத்துவிட்டு, அதை வெட்டுவதா வேண்டாமா, வெட்டினால் எப்போது வெட்டுவது என்று கையைப் பிசைந்துகொண்டிருக்கும் வாசகர்கள் நிச்சயம் இருப்பார்கள். அவர்களுக்கு என் அநுபவம் பயன்படலாம்.

பொம்மையார்பாளையத்தை அறியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில், கடலை ஒட்டிய ஊர். மயிலம் முருகன் கோயிலைப் பரிபாலிக்கும் பொம்மபுர ஆதீனத்தின் பெயரில் இருப்பது எங்கள் ஊர்தான். சிவப்பிரகாச சுவாமிகள் என்ற பெரும்புலவரின் பெயரும் அந்த ஆதீனத்தோடு சேர்த்தே பேசப்படும். இன்னும் வடக்கே போனால் மரக்காணத்து உப்பளங்கள். உப்பு விளைகிற காற்றில் ரோஜா எப்படி விளையும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ரோஜாவுக்கு உப்பு ஆகாது. கடற்காற்று பலமாக அடித்த மறுநாள் இலையின் விளிம்பு கருகிக் கிடக்கும். கிணற்று நீர் கரித்தால் வேரும் வாடும். ஆனாலும் எங்கள் வீட்டில் ரோஜா இருந்தது. காரணம், அம்மா.

அம்மா கல்யாணமாகி வந்த வருஷத்தில் பிறந்த வீட்டிலிருந்து ஒரு குச்சியைக் கொண்டுவந்து கிணற்றடிக்குச் சற்றுத் தள்ளி நட்டாளாம். எட்வர்டு ரோஜா. பூக்கடைகளில் பார்த்திருப்பீர்கள், இளஞ்சிவப்பாக, சிறியதாக, கொத்துக் கொத்தாகப் பூக்கும், வாசனை மட்டும் பெரிய ரோஜாக்களை வெட்கப்பட வைக்கும். பிடிமழைத் தண்ணீரைத் தொட்டியில் சேர்த்துவைத்து அதற்கு ஊற்றுவாள். காற்றடித்த மறுநாள் காலையில் இலைகளைக் கழுவிவிடுவாள். செடியில் கத்தரி வைக்க மட்டும் சம்மதிக்க மாட்டாள். தாத்தா செக்கத்தூரை எடுத்துக்கொண்டு கிட்டே போனால், "மாமா, பச்சையா இருக்கிறதப் போயி வெட்டுவாங்களா?" என்பாள். தாத்தா மருமகளிடம் வாதாட மாட்டார். அவள் கோயிலுக்குப் போகும் நாளாகப் பார்த்து வெட்டிவிடுவார்! குச்சிகளைக்கூடக் கண்ணில் படாமல் அப்புறப்படுத்திவிடுவார். இந்த ரகசியம் எனக்கு வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தது. அம்மாவின் ரோஜா பொங்கிப் பொங்கிப் பூத்ததற்கு அவள் வார்த்த மழைத்தண்ணீர் ஒரு காரணம் என்றால், தாத்தாவின் திருட்டுக் கத்தரி மற்றொரு காரணம்.

தாத்தா போனார். சில வருஷங்களுக்குமுன் அம்மாவும் போனாள். செடி எனக்கு வந்தது.

அம்மாவின் செடி என்பதால் நான் அதைத் தொடவே இல்லை. இரண்டு ஆண்டுகளில் அது ஆள் உயரத்துக்குக் கொம்பு கொம்பாக வளர்ந்தது. அடியில் வெறுங்குச்சி; உச்சியில் இரண்டு இலை; அதற்கு மேல் அநாதையாக ஒரு பூ. அந்தப் பூவும் நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டே வந்தது. "அம்மா செடியைப் பட்டினி போட்டு வைத்திருக்கிறீர்களே" என்றாள் என் மனைவி. நான் எருப் போட்டேன். குச்சி இன்னும் உயர்ந்தது.

பிறகுதான் புத்தகம் படித்தேன். எழுத்தாளனாகப் பிறந்தவன் தோட்டக்காரனிடம் போவதற்குமுன் புத்தகத்திடம்தானே போவான்? அது ஓர் இங்கிலீஷ் புத்தகம். மார்ச் மாதத்தில் வெட்டு என்று அதில் போட்டிருந்தது. 2024-ஆம் ஆண்டு மார்ச்சில் வெட்டினேன். சித்திரையில் அழகழகாகத் தளிர் விட்டது. அக்கினி நட்சத்திரம் வந்து அத்தனையையும் அப்பளமாகப் பொரித்துவிட்டது. சரி, இது சீமைப் புத்தகம், நம் நாட்டுக் கணக்கு வேறு என்று தேடி, டில்லிப் பக்கத்துக் கணக்கு ஒன்றைப் பிடித்தேன். அக்டோபர் என்றிருந்தது. அக்டோபரில் மறுபடியும் வெட்டினேன். அந்த ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி பெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியது. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை. தண்ணீர் வடிந்த பிறகு போய்ப் பார்த்தேன். வெட்டின ஒவ்வொரு நுனியிலிருந்தும் கறுப்பு கீழ்நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. ஏழு கொம்புகளில் ஐந்து போய்விட்டன.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. செத்துக்கொண்டிருப்பது வெறும் செடி என்று மனசுக்குச் சொல்லிப் பார்த்தேன்; மனசு கேட்கவில்லை. விளக்கைப் போட்டுக்கொண்டு படிக்க உட்கார்ந்தேன். இந்தத் தடவை, எப்போது வெட்டுவது என்று தேடவில்லை. ஏன் வெட்டுகிறார்கள் என்று தேடினேன். அதில் ஒரு சரித்திரமே அகப்பட்டது.

*

முதலில் கத்தரி. தாத்தாவின் செக்கத்தூருக்குப் பிதா ஒருவர் உண்டு. பெர்த்ரான் த மொல்வில் என்ற பிரெஞ்சுப் பிரபு. 1744-இல் பிறந்தவர். பதினாறாம் லூயி மன்னனிடம் 1791 அக்டோபரிலிருந்து மறு வருஷம் மார்ச் வரை கப்பற்படை மந்திரியாக இருந்தார். கடல் கடந்த பிரெஞ்சு நாடுகளெல்லாம் அந்த நாளில் கப்பற்படை மந்திரியின் பொறுப்பு. ஆகவே, சுமார் ஆறு மாத காலம், நம்முடைய புதுச்சேரியும் இந்த மனிதரின் அதிகாரத்தில் இருந்தது என்று ஆகிறது.

அவர் பதவியை விட்ட மறு மாதம் பாரிஸில் ஒரு புது வெட்டு இயந்திரம் வேலைக்கு வந்தது. கில்லட்டின். அடுத்த ஆண்டு ஜனவரியில் அது அவருடைய மன்னனின் தலையையே வாங்கியது. மொல்வில் அதற்குள் இங்கிலாந்துக்குத் தப்பியோடிவிட்டார். புரட்சியெல்லாம் ஓய்ந்து மன்னர் பரம்பரை திரும்பிய பிறகு பிரான்சுக்கு வந்து, ஏறக்குறைய 1815-இல், செடி வெட்டும் கத்தரியைச் செய்து கொடுத்தார். 1818-இல் காலமானார். தலை வெட்டும் கத்திக்குத் தப்பிய மந்திரியின் பெயர் இன்றைக்கும் நிற்பது ஒரு செடி வெட்டும் கத்தரியால்தான். நான் நாவலில் இப்படி ஒரு பாத்திரத்தை எழுதியிருந்தால் பத்திரிகாசிரியர் நம்பியிருக்க மாட்டார்.

அதற்கு முன்னெல்லாம் வளைந்த கத்தியால்தான் வெட்டினார்கள். கத்தரி வந்த பிறகும், முக்கியமாக இங்கிலாந்தில், பழைய தோட்டக்காரர்கள் அதைச் சீக்கிரத்தில் ஏற்றுக்கொள்ளவில்லை. கத்தி சீவும், கத்தரி நசுக்கும் என்பது அவர்கள் கட்சி. அதில் உண்மை இல்லாமலில்லை. மழுங்கின கத்தரி கொம்பை நசுக்கத்தான் செய்யும். நசுங்கின இடத்தில் நோய் குடியேறும். வெட்டுவதற்கு முன் கத்தரியைத் தீட்டிச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும் என்ற முதல் பாடத்தை அந்தப் பழைய சண்டையிலிருந்தே நாம் எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது ரோஜா. ஐரோப்பாவின் பழைய ரோஜாக்களில் பெரும்பாலானவை வருஷத்துக்கு ஒரே தடவை பூப்பவை. போன ஆண்டு வளர்ந்த கொம்பில்தான் இந்த ஆண்டு பூ வரும். அப்படிப்பட்ட செடியைப் பூப்பதற்குமுன் ஒட்ட வெட்டினால் அந்த ஆண்டுப் பூவையே வெட்டின மாதிரி. ஆகையால் பூத்து ஓய்ந்த பிறகு லேசாகத் திருத்திவிடுவதுதான் அவற்றுக்குப் பொருத்தம். இலையுதிர் காலத்தில் இரண்டாம் தடவையும் பூக்கக்கூடியது டமாஸ்க் ரோஜாவின் ஒரு வகை. டமாஸ்க் ரோஜா யார் தெரியுமா? நம் பன்னீர் ரோஜாதான்.

பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் சீனத்து ரோஜாக்கள் கப்பலேறி ஐரோப்பாவுக்கு வந்தன. அவை புதிதாக விடும் ஒவ்வொரு தளிரின் நுனியிலும் பூப்பவை. மாதத்துக்கு மாதம் பூப்பவை. 1792-ஐ ஒட்டி ஒரு சிவப்பு. 1793-ஐ ஒட்டி ஓர் இளஞ்சிவப்பு. கல்கத்தா வழியாகப் போனதால் பிரெஞ்சுக்காரர்கள் அந்த இனத்துக்கு "வங்காள ரோஜா" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கல்கத்தாவில் கும்பெனியாரின் தாவரத் தோட்டம் 1787-இலேயே ஏற்பட்டிருந்தது. இந்த 1793 ஒரு விசித்திரமான ஆண்டு. ஜனவரியில் பிரெஞ்சு மன்னன் தலை போயிற்று. ஆகஸ்டில் புதுச்சேரி இங்கிலீஷ்காரர் கைக்குப் போயிற்று. அந்தக் களேபரத்தின் நடுவே இங்கிலாந்தில் ஒரு தோட்டத்தில் ஒரு சீன ரோஜா சாவதானமாகப் பூத்துக்கொண்டிருந்தது!

அந்த இளஞ்சிவப்பு ரோஜாதான் என் கதைக்கு முக்கியம். இந்துமகா சமுத்திரத்தில் போர்போன் தீவு என்று ஒன்று இருந்தது. இப்போது ரெயூனியோன் என்கிறார்கள். பின்னாளில் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறிக் கரும்புத் தோட்டக் கூலிகளாக நம்மவர்கள் போனார்களே, அதே தீவு. அங்கே வயல்களுக்கு வேலியாக டமாஸ்க் ரோஜாவையும் சீன இளஞ்சிவப்பு ரோஜாவையும் கலந்து நட்டிருந்தார்கள். வேலியில் இரண்டும் கலந்து மூன்றாவதாக ஒரு ரோஜா முளைத்தது. எதுவார் பெரிஷோன் என்ற நில உடைமைக்காரர் அதைக் கண்டெடுத்து வளர்த்தார் என்பது வழங்கிவரும் கதை. 1817-இல் அந்தத் தீவுத் தாவரத் தோட்டத்துக்கு அதிகாரியாக வந்த பிரெயோன் அதைப் பார்த்து வியந்து, 1819-இல் விதைகளைப் பிரான்சுக்கு அனுப்பினார். அந்த விதைகளிலிருந்து வந்தவைதான் போர்போன் ரோஜாக்கள். அதே காலத்தில் பெரோத்தே என்ற தாவர சாஸ்திரியும் ஒரு பிரெஞ்சுக் கப்பலில் அந்தத் தீவுக்குப் போய்வந்திருக்கிறார். அவர் பிற்பாடு நம் புதுச்சேரிக்கு வந்து பல ஆண்டுகள் பணியாற்றி, 1870-இல் இங்கேயே காலமானார்.

"ரோஸ் எதுவார்" என்று பிரெஞ்சுக்காரர் சொன்னது நம் வாயில் "எட்வர்டு ரோஜா" ஆயிற்று. அதைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. ஏதோ இங்கிலீஷ் ராஜாவின் பெயர் என்று இத்தனை நாள் எண்ணியிருந்தேன். அம்மா குச்சியாகக் கொண்டுவந்து நட்டது, பன்னீர் ரோஜாவுக்கும் சீன ரோஜாவுக்கும் ஒரு தீவின் வேலியோரத்தில் பிறந்த குழந்தையை! தாய் வழியோ தந்தை வழியோ, புதுத்தளிரில் பூக்கும் சீன குணம் அதன் ரத்தத்தில் இருக்கிறது. தாத்தா திருட்டுத்தனமாக வெட்ட வெட்ட அது பூத்துத் தள்ளியதன் காரணம் அதுதான்.

1867-இல் லியோன் நகரத்தில் கியோ என்பவர் "லா பிரான்ஸ்" என்ற ரோஜாவை வெளியிட்டார். இன்று நாம் நர்சரிகளில் வாங்கும் பெரிய பூ ரோஜாக்களில் முக்கால்வாசியும் அந்த வம்சம். அவற்றிலும் ஓடுவது சீன ரத்தமே. 2012-இல் விஞ்ஞானிகள் இதன் மர்மத்தையும் கண்டுபிடித்தார்கள். பூக்காதே, பொறு என்று செடியைத் தடுத்து நிறுத்தும் ஒரு மரபணு உண்டாம். சீன ரோஜாவில் அந்தத் தடை பழுதுபட்டுப் போயிருக்கிறது. காவல்காரன் தூங்கிவிட்ட வீடு மாதிரி! ஆகவே தளிர் என்று ஒன்று வந்தால் பூவும் வந்தே தீரும்.

அப்படியானால் தளிரை வரவழைப்பது எப்படி? அதற்குத்தான் கத்தரி. கொம்பின் உச்சியில் இருக்கும் மொட்டு, தனக்குக் கீழே இருக்கும் கண்களைத் தூங்க வைத்தே வைத்திருக்கும். ஆக்சின் என்ற ஒரு ரசம் உச்சியிலிருந்து இறங்கி அந்தக் காரியத்தைச் செய்கிறதென்று 1933-இல் திமன், ஸ்கூக் என்ற இருவர் நிரூபித்தார்கள். உச்சியை எடுத்தால் கீழ்க் கண்கள் விழித்துக்கொள்ளும். பெரியவர் ஒருவர் பெத்த பெயரோடு கூடத்தில் உட்கார்ந்திருக்கும்வரை பிள்ளைகள் வாய் திறப்பதில்லை. அவர் வெளியூர் போனதும் வீடு கலகலக்கிறதல்லவா? அதே கதைதான்.

*

இத்தனையும் படித்து முடித்தேன். ஏன் வெட்டுவது என்பது விளங்கிவிட்டது. எப்போது என்பது மட்டும் விளங்கவில்லை. ஏனென்றால் அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு பதில் சொல்லிற்று.

இங்கிலாந்தில் பனிக்காலம் செடியைத் தானாகவே தூங்க வைக்கிறது. அது விழிக்கப்போகும் மார்ச்சில் வெட்டுகிறார்கள். அந்த நாட்டார் வங்காளத்துக்கு வந்தார்கள். ரோஜாவையும் மார்ச் மாதத்தையும் சேர்த்தே கொண்டுவந்திருப்பார்கள். ஆனால் கல்கத்தாவின் மார்ச் செடி விழிக்கிற மாதமல்ல; வெயில் ஏறுகிற மாதம். பனிக்காலமே இல்லாத தேசத்தில் செடிக்குத் தூக்கம் எங்கிருந்து வரும்? அதற்கு இங்கே ஒரு தந்திரம் வழக்கத்துக்கு வந்தது. மழைக்காலம் முடிந்ததும் செடியைச் சுற்றி மண்ணைப் பறித்து வேரைச் சில நாள் வெளியே காயவிடுவார்கள். தண்ணீர் காட்ட மாட்டார்கள். இலை உதிரும். அப்புறம் கொம்பை வெட்டி, எருவும் மண்ணும் இட்டு மூடி, நிறையத் தண்ணீர் விடுவார்கள். கையாலேயே ஒரு பனிக்காலத்தைச் செய்துவிடுவது! 1860-களில் வங்காளத்துப் பாதிரியார் பர்மிங்கர் எழுதி வெளியிட்டதைப் போன்ற தோட்டப் புத்தகங்கள், சீமைக் கணக்கு இங்கே செல்லாது என்பதைக் கண்டுகொண்டவர்களுக்காக எழுதப்பட்டவை.

டில்லியில் அக்டோபர் நடுவில் வெட்டுவார்கள். மழை நின்றுவிட்டிருக்கும், குளிர் வந்துகொண்டிருக்கும். கோதுமை ஆராய்ச்சியில் பெயர் பெற்ற டாக்டர் பி. பி. பால், ரோஜாவிலும் பித்துக்கொண்டு, புது ரோஜாக்களை உண்டாக்கியதோடு, 1966-இல் இந்திய ரோஜாவைப் பற்றி ஒரு பெரிய புத்தகமும் எழுதினார். இந்த நாட்டு ரோஜாவுக்கு இந்த நாட்டுப் பஞ்சாங்கம் வேண்டும் என்பதற்கு அவரைப் போன்றவர்களின் உழைப்பே சாட்சி. உதகமண்டலத்திலோ கதையே வேறு. 1995-இல் ஏற்பட்ட அங்கத்து ரோஜாப் பூங்காவில் ஜனவரியை ஒட்டிக் கத்தரி வைப்பார்கள். கோடைக்குச் சனங்கள் மலையேறும்போது பூ தயாராக இருக்கும். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் தமிழ்நாட்டுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை என்று மூன்று மாதம் விட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அந்த மூன்று மாதத்தில் எந்த வாரம் என்பதை அந்தந்த ஊர் வானம்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் வானம் அக்டோபரிலும் நவம்பரிலும் என்ன செய்யும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. வடகிழக்குப் பருவமழை முழுதும் எங்கள் தலையில்தான். டில்லியில் மழை முடிகிற மாதம் இங்கே மழை தொடங்குகிற மாதம். இதைப் பள்ளிக்கூடத்துப் பூகோளப் புத்தகத்திலேயே படித்திருந்தும், கத்தரியைக் கையில் எடுத்தபோது எனக்கு ஞாபகம் வரவில்லை.

கடைசியில் கோட்டக்குப்பத்துப் பக்கம் நர்சரி வைத்திருக்கும் ஒரு பாயைப் போய்ப் பார்த்தேன். எழுபது வயசுக்கு மேல் இருக்கும். கறுத்துப்போன கொம்பு ஒன்றைக் காகிதத்தில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன். அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மழைக்கு முந்தி வெட்டினீங்களா தம்பி?"

"ஆமாம் பாய்."

"புண்ணுல தண்ணி நின்னா ஆறுமா? வெட்டுன எடம் காயறதுக்கு வெயில் வேணும். துளுத்து வர்றதுக்குக் குளுமை வேணும். ரெண்டும் ஒண்ணா எப்ப வருது நம்மூர்ல?"

யோசித்தேன். "மார்கழிக் கடைசி, தை" என்றேன்.

"அவ்வளவுதான். போகி அன்னிக்கு வெட்டுங்க. ஊரே பழசக் கழிக்குது. செடியும் கழிக்கட்டுமே."

என் தாத்தா அம்மாவை ஏமாற்றி வெட்டிய நாள் எது என்று எனக்கு அப்போது சட்டென்று விளங்கியது. போகிக்கு மறுநாள் பொங்கல். முதல் நாளே அம்மா சாமான்களைக் கழுவிவைத்துவிட்டுக் கோயிலுக்குப் போய்வருவாள்.

*

அந்தப் போகிக்கு பாயே வந்தார். முதல் ஆண்டு செத்ததை மட்டும் எடுப்போம் என்றார். கறுத்த கொம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வெட்டிக்கொண்டு வந்து, உள்ளே வெண்ணெய் நிறம் தெரிந்ததும் நிறுத்தினார். "பழுப்பு தெரியிற வரைக்கும் நோவு இருக்குன்னு அர்த்தம்." வெட்டின வாய்களுக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் குழைத்த பசையைத் தடவினார். போர்தோ பசை என்பார்கள். 1880-களில் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களிலிருந்து உலகத்துக்குக் கிடைத்த மருந்து. மிஞ்சிய இரண்டு கொம்புகளையும் அவர் தொடவில்லை. ஏற்கெனவே இரண்டு தடவை அடிபட்ட செடியை மூன்றாம் தடவை அடிக்கக் கூடாது என்றார். அந்த ஆண்டு முழுவதும் அது இலை விட்டு உடம்பைத் தேற்றிக்கொண்டது.

மறு ஆண்டு போகியன்று கத்தரி என் கையில். பக்கத்தில் பாய். அவர் சொல்லச் சொல்ல நான் செய்ததை வாசகர்களும் செய்யலாம். முதலில் செத்த கொம்பு, நோய்க் கொம்பு. பிறகு பென்சிலைவிட மெலிந்த கொம்பு. பிறகு ஒன்றோடொன்று உரசிக்கொண்டு குறுக்கே போகும் கொம்பு. இவ்வளவும் போன பிறகு நாலைந்து நல்ல கொம்புகள், உள்ளங்கையை விரித்துப் பிடித்த மாதிரி, நடுவே காற்றும் வெளிச்சமும் புகும்படி நிற்க வேண்டும். அந்தக் கொம்புகளைப் பாதி உயரத்துக்குக் குறைக்க வேண்டும். வெளிப்பக்கம் பார்த்த ஒரு கண்ணுக்குக் கால் அங்குலம் மேலே, தண்ணீர் வழிந்தோடும்படி சாய்த்து வெட்ட வேண்டும். நர்சரியில் வாங்கின ஒட்டுச் செடியாக இருந்தால், ஒட்டுப் போட்ட முடிச்சுக்குக் கீழே கிளம்பும் தளிரை அடியோடு பிய்த்துவிட வேண்டும். பல இடங்களில் ஒட்டுக் கட்டுவதற்கு அடிச்செடியாக வைப்பது இதே எட்வர்டு ரோஜாவைத்தான். "விலை கொடுத்து வாங்கின கறுஞ்சிவப்பு ரோஜா ஒரு வருஷத்தில் சாதாரண ரோஜாவாக மாறிவிட்டது, நர்சரிக்காரன் ஏமாற்றிவிட்டான்" என்று குறைப்படுகிறவர்கள் அந்த முடிச்சைக் குனிந்து பார்த்தால் உண்மை தெரியும். மேலே இருந்தவர் போய், கீழே சுமந்தவர் எழுந்து வந்திருப்பார். வைத்து ஓர் ஆண்டுகூட ஆகாத இளஞ்செடியை ஒட்ட வெட்டலாகாது; சுத்தம் மட்டும் செய்தால் போதும். கொடி ரோஜாவின் நீண்ட கொம்புகளையும் குறைக்கக் கூடாது. படுக்க வைத்துக் கட்ட வேண்டும்.

கண்ணுக்கு மேல் கால் அங்குலமா அரை அங்குலமா என்று நான் கை நடுங்கி நின்றுகொண்டிருந்தேன். அப்போது படித்த ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. 1876-இல் ஏற்பட்டு 2017 வரை நடந்த இங்கிலாந்தின் தேசிய ரோஜா சங்கத்தார், 1990-களின் தொடக்கத்தில் ஒரு சோதனை நடத்தினார்கள். சில செடிகளைச் சாஸ்திரப்படி கண் பார்த்து வெட்டினார்கள். சிலவற்றை வேலி வெட்டும் இயந்திரத்தால் கண்டபடி மட்டம் தட்டினார்கள். மட்டம் தட்டினவையும் குறைவில்லாமல் பூத்தன! கால் அங்குலத்துக்காக ஒரு நூற்றாண்டு சண்டை போட்டவர்கள் முகம் எப்படியிருந்திருக்கும்? சாய்வு சற்றுத் தப்பினால் ரோஜா மன்னித்துவிடுகிறது. காலம் தப்பினால் மன்னிப்பதில்லை. என் செடியின் ஐந்து கொம்புகள் அதற்குச் சாட்சி.

வெட்டினேன். குச்சிகள் காலடியில் விழுந்தன. செடி முழங்கால் உயரத்துக்கு மொட்டையாக நின்றது. உள்ளே வந்து கை கழுவும்போது, "மாமா, பச்சையா இருக்கிறதப் போயி வெட்டுவாங்களா?" என்ற குரல் காதில் விழுந்த மாதிரி இருந்தது. அன்று பொங்கல் வேலைக்கு நான் உதவவில்லை என்று என் மனைவி கோபித்துக்கொள்ளவில்லை.

தை பத்துத் தேதிக்குள் சிவப்புச் சிவப்பாகக் கண் திறந்தது. ஒவ்வொரு கொம்பிலும் மூன்று நான்கு தளிர். மாசி பிறந்ததும் மொட்டுகள். வெட்டின நாளிலிருந்து சுமார் நாற்பத்தைந்து நாளில் பூ வரும் என்பது கணக்கு. கணக்குத் தப்பவில்லை.

எங்கள் பக்கத்தில் மாசி மகத்துக்கு விசேஷம் அதிகம். சுற்று வட்டாரத்துச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்காகப் புதுச்சேரியை ஒட்டிய வைத்திக்குப்பம் கடற்கரைக்கு எழுந்தருளுவார்கள். மயிலம் முருகனும் வருவார். அம்மா இருந்தவரை அன்று விடியற்காலையில் செடியிலிருந்த பூவையெல்லாம் பறித்து, வாழை நாரில் தானே கட்டி, முருகனுக்கு எடுத்துப் போவாள். பத்து வயசில் நான் அந்தப் பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் போயிருக்கிறேன். போகியில் வெட்டினால் மகத்துக்குப் பூக்கும் என்ற கணக்கு அவளுக்குத் தெரியாது. தாத்தாவுக்குத் தெரிந்திருந்தது. முருகன் தன் பூவுக்காகவே அந்தச் செடியை அப்படிப் பூக்க வைக்கிறார் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். அந்த நம்பிக்கையை மாமனார் கடைசிவரை கலைக்கவில்லை.

இந்தத் தடவை என் மனைவி மாலை கட்டினாள். பூ எண்ணிப் பார்த்தோம், நாற்பத்தொன்று. பெரிய மாலையல்ல. கடற்கரைக் கூட்டத்தில் முண்டியடித்துப் போய்ப் பட்டர் கையில் கொடுத்தேன். அவர் அதைப் பத்தோடு பதினொன்றாகச் சாத்தினார். கற்பூர வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் செக்கத்தூரைத் துடைத்து, எண்ணெய் தடவி, பழைய இடத்தில் மாட்டினேன். இனி அதற்குப் பெரிய வேலை அடுத்த போகிக்குத்தான். அதுவரை வாடின பூவை, ஐந்து சிற்றிலை கொண்ட முதல் இலைக்கு மேலாக, அவ்வப்போது நறுக்கிக்கொண்டிருந்தால் போதும்.